1327க்கும் 1361க்கும் நடுவே

ஜனவரி 20, திங்கள்

இன்று அவனை வெளியே கொடுத்தார்கள். வெளியே என்றால் வீட்டுக்கு இல்லை. கண்ணாடி அறையிலிருந்து பக்கத்து ஹாலுக்கு. இங்கே குழந்தையைப் பெட்டியில் வைப்பதில்லை. அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து மேலே துணியால் கட்டிவிடுகிறார்கள். கங்காரு வார்டு என்று பெயர். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலிலும் ஒருத்தி, ஒவ்வொருத்தியின் நைட்டிக்குள்ளும் ஒரு பூனைக்குட்டி.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். இன்னும் பெயர் வைக்கவில்லை. கணுக்காலில் ஒரு பிளாஸ்டர், அதில் 'சுபாஷிணி, ஆண்' என்று எழுதியிருக்கிறது. என் பெயரைத்தான் அவன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பிறந்தபோது 1259 கிராம். நடுவில் இறங்கி, திரும்ப ஏறி, இன்று 1283.

இரண்டும் பகா எண்கள். எம்.எஸ்சி. மேத்ஸ் படித்து மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அது வேறு எதனாலாவது வகுபடுகிறதா என்று மனசு தானாகப் போய்த் தட்டிப் பார்க்கும். ஹாஸ்டலில் நானும் ஹசீனாவும் ஒரு விளையாட்டு விளையாடுவோம். ஒரு பகா எண்ணிலிருந்து இன்னொரு பகா எண்ணுக்குப் போக வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றலாம். வழியில் வருகிற ஒவ்வொன்றும் பகா எண்ணாகவே இருக்க வேண்டும். பஸ் நம்பர், ரோல் நம்பர், மெஸ் டோக்கன், எதையும் விடமாட்டோம்.

அவனுக்கு மூக்கு வழியாகக் குழாய். பாலைச் சிரிஞ்சில் ஊற்றி நான் கையைத் தூக்கிப் பிடித்தால் அது தானாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அழுத்தக் கூடாது. கை கடுக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தேன். 1259, 1289, 1283. இரண்டே படி. பால் பாதிகூட இறங்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

1291.

காலையில் எடை பார்ப்பதுதான் இங்கே பெரிய காரியம். வார்டுக்கே ஒரு சிஸ்டர், ரெஜினா. அவர் மேசையில் உட்கார்ந்து எழுதுவார். நாங்கள் வரிசையில் போய் நாங்களே வைத்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாளே பாடம் எடுத்தார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. முதல்ல தட்டுல துணிய விரி. அப்புறம் ஜீரோ பட்டன அமுக்கு. அப்புறம் புள்ள. துணி, ஜீரோ, புள்ள. மாத்திப் பண்ணா துணி வெயிட்டும் உங்க புள்ள வெயிட்டாயிடும். சந்தோசமா வீட்டுக்குப் போயி மூணாம் நாளு இங்கியே வந்து நிப்பீங்க."

1600 தாண்டி, விடாமல் ஏறிக்கொண்டும் இருந்தால் வீடு. ஏறாமல் நின்றால் திரும்பக் கண்ணாடி அறை. அங்கே அம்மாக்களுக்கு இடமில்லை, காலையும் மாலையும் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். போன இரண்டு வாரம் அப்படித்தான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

பக்கத்துக் கட்டில் அமுலு, மரக்காணம் பக்கம் கடற்கரைக் குப்பம். பெண் குழந்தை. குழந்தையின் எடையை அவள் சிஸ்டரிடம் 1240 என்று சொன்னது என் காதில் விழுந்தது. கட்டிலுக்கு வந்ததும் எதிர்க் கட்டில்காரி கேட்டாள்.

"எத்தினி அமுலு?"

"எங்க ஏறுது? ஆயிரத்து நூறுலயே நிக்குது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணடித்தாள். "இன்னா டீச்சர் பாக்கற? ஏறிச்சுன்னு சொன்னா கண்ணு பட்டுடாது? நீயும் கொறச்சே சொல்லு. இங்க எல்லாரும் அப்டிதான். இந்த வார்டுல எவ சொல்ற நம்பரையும் நம்பாத."

நான் டீச்சர் இல்லை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

ஜனவரி 22, புதன்

1307. பகா எண். பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. அண்ணி கீழே போய் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜனவரி 23, வியாழன்

1327. தொடர்ந்து நான்காவது நாள்.

இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த அளவு எண்களில் ஏழில் ஒன்றுதான் பகா எண். நான்கு நாள் தொடர்ந்து வருவது அபூர்வம், ஆனால் நடக்காதது இல்லை. தவிரவும் குழந்தை அசையும்போது கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். 5, 7, 6, 7, 8. எது வரும்போது சொல்வது என்பது சொல்கிறவள் கையில் இருக்கிறது. நான் 7 வந்தபோது சொன்னேன். இது தவறில்லை. ஒரு கிராம் இப்படி அப்படி.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் போன் செய்தார். அறுவடை மெஷினோடு மன்னார்குடி பக்கம் போயிருக்கிறார். பொங்கல் கழிந்து ஒரு மாதம்தான் மெஷினுக்கு வேலை, வர முடியாது. எடுத்தவுடன் ஒரே கேள்வி.

"எவ்ளோ?"

"ஆயிரத்து முந்நூத்து இருபத்தேழு."

"டேய், ஆயிரத்து முந்நூத்து இருபத்தேழாம்டா!" என்று பின்னால் யாரிடமோ கத்தினார். மெஷின் சத்தத்தோடு நாலைந்து பேர் சிரித்தார்கள். வயல்காட்டில் எல்லாருக்கும் என் மகனின் எடை தெரியும்.

கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் போடலாமென்றால் அதில் கிருமி இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

1334. இரண்டால் வகுபடும்.

பரவாயில்லை, ஏறியிருக்கிறது. ஆனால் 1327க்கு அடுத்த பகா எண் 1361. நடுவில் முப்பத்துமூன்று எண்கள், ஒன்றுகூடத் தேறாது. இந்த அளவில் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு கிடையாது. எம்.எஸ்சி.யில் படித்தபோது ரொம்ப அழகாக இருந்தது.

ஜனவரி 25, சனி

1343. பதினேழை எழுபத்தொன்பதால் பெருக்கினால் வரும்.

அண்ணி பூண்டுக் கஞ்சி கொண்டுவந்தார். என் நாத்தனார், வீட்டுக்காரருக்கு அக்கா. தன் இரண்டு பிள்ளைகளையும் மாமியாரிடம் விட்டுவிட்டு வராந்தாவில் பாய் போட்டுக் கிடக்கிறார். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்டார்: "ஏன் சுபா, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு? தூங்கறியா?"

"தூங்கறேன் அண்ணி."

தூங்கினால் அவன் மூச்சை யார் பார்ப்பது? மூக்குக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு சின்னச் சூடு வரும். வந்தால் எண்ண ஆரம்பிப்பேன். அடுத்தது வராதோ என்று நினைப்பதற்குள் வந்துவிடும்.

ஜனவரி 26, ஞாயிறு

1347. மூன்றால் வகுபடும். கீழே கொடியேற்றி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அமுலு இரண்டு வாங்கிவந்து ஒன்றை எனக்குக் கொடுத்தாள்.

ஜனவரி 27, திங்கள்

1349.

ஏமாற்றுகிற எண். பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும். பத்தொன்பது தடவை எழுபத்தொன்று.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என் வயசுதான் இருக்கும். சார்ட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நாலு கிராம், ரெண்டு கிராம்னு ஏறுது. இவனுக்கு ஒரு நாளைக்கு இருபதாவது ஏறணும். நாளைக்கும் இப்படியே இருந்தா உள்ள எடுத்துக்கறேன்ம்மா. ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"எத்தன நாள் டாக்டர்?"

"பாத்தாத்தான தெரியும்?"

அவன் என் கழுத்துக்குக் கீழே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். எச்சில் வழிந்து என் சங்கிலி நனைந்திருந்தது.

இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. 1327இல் பத்தாம் இடத்து இலக்கத்தை மாற்றினால் 1367. ஒரே படி. இடைவெளியை அப்படியே தாண்டிவிடலாம்.

ஜனவரி 28, செவ்வாய்

1367.

கூட்டமாக இருந்தது. பின்னாலிருந்தவள் அவசரப்படுத்தினாள். பட்டனை முதலில் அமுக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன், துணியை அப்புறம்தான் விரித்தேன். சரியாக ஞாபகம் இல்லை. எண்ணைச் சொன்னதும் ரெஜினா சிஸ்டர் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"பதினெட்டு ஏறியிருக்கானே! அப்படிப் போடு!"

டாக்டரும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே எடுக்கவில்லை.

அவருக்குச் சொன்னேன். மெஷின் ஆட்களுக்கெல்லாம் டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தாராம்.

ஜனவரி 29, புதன்

1381.

இன்று குளிர். இரண்டு துணி விரித்தேன்.

"நல்லா ஏறுது, இனிமே குழாய் வேணாம், பாலாடையில குடுத்துப் பழகலாம்," என்றார் டாக்டர். மூக்கிலிருந்து குழாயை உருவியபோது அவன் முகம் கோணிக்கொண்டது. குழாய் இல்லாமல் முதல் முறையாக முழு முகத்தையும் பார்க்கிறேன். அவன் அப்பாவின் மூக்கு. அண்ணியைக் கதவோரம் வரச்சொல்லிக் காட்டினேன். "எங்க அப்பா மூக்குடி இது" என்று அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

அமுலு வீட்டிலிருந்து பால்சுறாப் புட்டு வந்தது. பாதியை என் தட்டில் தள்ளினாள். "தின்னு டீச்சர், பாலு ஊறும். ஆமா, உன் புள்ளைக்கு முப்பது கிராமுக்கு மேல ஏறிக்கீதாமே? சத்தமா சொல்லாதன்னு சொன்னா கேக்கமாட்டியா நீ?"

"நம்பர் வந்ததச் சொன்னேன்."

"வந்தா வரட்டும். ஏறினா மறைக்கணும் டீச்சர். உனுக்கு ஒண்ணும் தெர்ல."

சங்கு மாதிரி இருக்கிற அந்தப் பாலாடையைச் சாய்த்தால் பால் கடைவாய் வழியாக வெளியே வந்துவிடுகிறது. பழக வேண்டும். புதுசுதானே.

1301லிருந்து 1601க்கு ஒரே படி. ஆனால் 1381லிருந்து 1601க்குப் போக வேண்டுமானால் முதலில் 1301க்கு இறங்க வேண்டும். இறங்காத வழி இருக்கிறதா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. விளையாட்டுதான்.

ஜனவரி 30, வியாழன்

காலையில் நேற்றைப் போலவே இரண்டு துணி விரித்துத்தான் வைத்தேன். 1361 வந்தது.

1361 பகா எண். இடைவெளிக்கு இந்தக் கரையில் இருக்கிற முதல் எண். நான் அதைச் சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். துணியோடு சேர்த்தே இருபது கிராம் குறைந்திருக்கிறது. அந்தத் துணியின் எடை எனக்குத் தெரியும். ஒன்று பதினெட்டு கிராம். செவ்வாய்க்கிழமையே அதைத் தனியாக வைத்துப் பார்த்திருந்தேன், கூட்டம் வருவதற்கு முன்னால்.

எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "குழாய எடுத்தா முதல் ஒருநாள் கொஞ்சம் இறங்கும்மா. முன்னாடி நல்லா ஏறியிருக்கான் இல்ல? பயப்படாதீங்க. நாளைக்குப் பாக்கலாம்."

மதியப் பாலுக்கு அவன் வாயே திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், எழுப்ப எப்போதும் செய்வதுதான். கால் சில்லென்று இருந்தது. மூன்று மணி நேரமாக என் நெஞ்சுச் சூட்டில் கிடந்த குழந்தையின் கால்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். வந்து தொட்டார், கண்ணிமையை நீக்கிப் பார்த்தார். "எடு, திரும்ப வெயிட் பாப்போம்." இந்தத் தடவை அவரே வைத்தார். துணி, ஜீரோ, புள்ள.

1324.

"என்னது இது? காலைல 1361 சொன்ன?" மெஷினின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினார். எடுத்து வைத்தார். 1324. "மெஷின் போச்சு போலருக்கே. ஏய் கன்னியம்மா, ஸ்டோர்ல இருந்து பழைய மெஷின எடுத்துட்டு வா. இதச் சர்வீஸுக்கு எழுதணும். இத்தன புள்ளைங்க வெயிட்டும் தப்பா இருக்குமோ, தெரியலயே. சரி, நீ போய்க் கட்டில்ல உக்காரு, காலைல டாக்டர் வந்ததும் ரெண்டு மெஷின்லயும் வெச்சுப் பாக்கலாம்."

அவர் சார்ட்டை எடுக்கத் திரும்பினார். காலையில் பார்க்கலாம். மெஷின்மேல் போட்டாகிவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை, அவன் என்னிடமே இருப்பான், காலைவரை.

காலைவரை என்று நினைத்தபோதுதான் என் கை அவன் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சிஸ்டர்."

"என்ன?"

"நான்தான் ஜீரோவ முன்னாடி அமுக்கினேன். துணி வெயிட்டும் சேர்ந்துச்சு. வேணும்னுதான் பண்ணேன்."

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை.

"எத்தன நாளா?"

"செவ்வாய்க்கிழமைல இருந்து."

"அப்ப இவன் மூணு நாளா எறங்கிட்டு இருக்கான்." என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். அடுத்த நிமிஷம் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

தட்டில் துணி மட்டும் கிடந்தது. திரையில் 0.

ஜனவரி 31, வெள்ளி

ரத்தத்தில் கிருமி. ஊசி போடுகிறார்கள். இரண்டு தடவை மூச்சு நின்று தட்டி எழுப்பினார்களாம்.

பிப்ரவரி 1, சனி

டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார். ரெஜினா சிஸ்டரும் நின்றிருந்தார்.

"நீங்க எம்.எஸ்சி. இல்ல? சொல்லிக்குடுத்தது புரியலன்னு சொல்ல முடியாது."

"புரிஞ்சுது டாக்டர்."

"வெயிட்ட வெச்சுத்தான் பால் அளவு, மருந்து அளவு, எல்லாமே. செவ்வாய்க்கிழமையே நான் உள்ள எடுத்திருப்பேன். குழாயையும் எடுத்திருக்க மாட்டேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தா..." நிறுத்திக்கொண்டார். "ஏன் பண்ணீங்க?"

பகா எண்ணைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 1327, 1361, நடுவில் இருக்கிற இடைவெளி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தயாராக வைத்திருந்தேன். இத்தனை நாள் எனக்கே நான் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். வாயிலிருந்து வந்தது வேறு.

"திரும்ப எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு."

ரெஜினா சிஸ்டர்தான் பேசினார். "எடுத்துட்டுப் போறது திருப்பிக் குடுக்கறதுக்குத்தாம்மா."

அவருக்குப் போனில் சொன்னேன். 1367 பொய், 1381 பொய் என்று சொன்னேன். பின்னால் மெஷின் சத்தம் நின்றது. அணைத்திருப்பார்.

"மூச்சு வுடறானா?"

"விடறான்."

"அப்ப சரி."

"ஏங்க, என்மேல..."

"நாளைக்குக் காலைல நான் அங்க இருப்பேன். நீ சாப்புடு."

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தார். தலையெல்லாம் வைக்கோல் தூசி. ஜன்னல் வழியாகப் பார்த்தார். அண்ணி அவரை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பேசினார். எனக்குக் கேட்ட வார்த்தை ஒன்றுதான்: "திட்டுன, அவ்ளோதான்."

திட்டவில்லை. அதற்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் மெஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வராந்தாவில் அண்ணியின் பாயில் படுத்திருக்கிறேன். மூன்று மணிக்கு ஒரு தடவை பால் எடுத்து மூடி போட்டு உள்ளே அனுப்புகிறேன். அனுப்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். வாங்கிக்கொண்டால் குடிக்கிறான் என்று அர்த்தம்.

சில பகா எண்கள் இருக்கின்றன. அவற்றில் எந்த இலக்கத்தை எப்படி மாற்றினாலும் இன்னொரு பகா எண் கிடைக்காது. எங்கிருந்தும் அவற்றுக்குப் போகவும் முடியாது. 294001 அதில் மிகச் சிறியது. 604171 இன்னொன்று, பார்த்தால் எங்கள் திண்டிவனம் பக்கத்துப் பின்கோடு மாதிரியே இருக்கும். அந்த ஊருக்கு யாராவது தபால் எழுதினால் போகுமா என்று ஹசீனா கேட்பாள். இன்றைக்கு அது ஞாபகம் வந்தது. சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

உள்ளே இருக்கிற மெஷின் வேறு. ஐந்து ஐந்தாகத்தான் காட்டுமாம். நேற்று 1325, இன்று 1340.

எல்லா எண்ணும் ஐந்திலோ பூஜ்யத்திலோ முடியும். அதில் ஒன்றுகூட எந்தக் காலத்திலும் பகா எண்ணாக இருக்க முடியாது. இதைக் கேட்டபோது முதலில் எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம் கன்னியம்மா, வார்டு ஆயா, "பதினஞ்சு ஏறிக்கீதும்மா, நல்ல வெயிட்டு," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். பதினைந்து. மூன்றாலும் ஐந்தாலும் வகுபடும்.

பிப்ரவரி 8, சனி

டாக்டர் சொன்னபடி மனநலப் பிரிவுக்குப் போனேன். ஒரு டாக்டரம்மா பேசினார். தூங்குகிறீர்களா என்று கேட்டார். அதற்கே அழுதேன். மூச்சு பார்ப்பது, கை கழுவுவது, படி ஏறுவது, எல்லாம் சொன்னேன். படி என்றதும் "எந்த மாடிப் படி?" என்று கேட்டார். விளக்கினேன். சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார், பால் கொடுக்கிறவர்களும் சாப்பிடலாமாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரசவமானவர்களில் பலருக்கு வருகிறது என்றார்.

அண்ணி மாத்திரையைத் தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். "நான் குடுக்கறேன். நீ கணக்குப் போட்டுச் சாப்பிடுவ."

பிப்ரவரி 9, ஞாயிறு

தூங்கினேன். அண்ணி ஜன்னலில் நின்றாராம்.

பிப்ரவரி 13, வியாழன்

திருப்பிக் கொடுத்தார்கள்.

ரெஜினா சிஸ்டர்தான் கொண்டுவந்தார். மறுபடி மூக்கில் குழாய். நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டு முடிச்சை இறுக்கினார். கனம் தெரிந்தது. போன தடவை இல்லாத கனம். எண் எதுவும் கேட்கவில்லை.

அமுலு இன்னும் இங்கேதான். அவள் பெண்ணுக்கும் நடுவில் சளி வந்து தடைப்பட்டதாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். மெஷின் கெட்டுவிட்டது, எல்லாக் குழந்தையின் எடையும் தப்பு என்று அன்றைக்குச் சிஸ்டர் திரும்பி வந்து சொல்லும்வரை அரை மணி நேரம் வார்டே கலங்கியிருக்கிறது.

"வா டீச்சர். ஒனக்குப் பொய் சொல்லவே தெர்ல. ஏத்தி யாராவது சொல்வாளா? எறக்கித்தான் சொல்லணும்."

"இனிமே சொல்ல மாட்டேன் அமுலு."

"அட, சொல்லு. எங்கிட்ட சொல்லு, எதுத்த கட்டில்காரிகிட்ட சொல்லு. அந்த மெஷின்கிட்ட மட்டும் சொல்லாத."

பிப்ரவரி 14, வெள்ளி

எடை பார்க்கும் வரிசையில் நான் நிற்கவில்லை. சிஸ்டரே வந்து பார்த்துக்கொள்வார் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா சுபாஷிணி, உனக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா? வா."

"நீங்களே வெச்சிடுங்க சிஸ்டர்."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. வந்து வை."

போனேன். துணியை விரித்தேன். பட்டனை அமுக்கினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அமுக்கினேன். அவனை வைத்தேன். சிஸ்டர் மேசையில் இருந்தபடியே எழுதினார். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. பார்க்காததுதான் நாள் முழுக்க எனக்குள் இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

பாலாடையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தான். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான்.

பிப்ரவரி 19, புதன்

ஒரு நாள் எட்டு கிராம் இறங்கியிருக்கிறது. இறங்கியதைச் சத்தமாகச் சொன்னேன். "சரி, மதியம் பால் கொஞ்சம் கூட்டிக்கலாம்" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். யாரும் யாரையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கண்ணாடி அறையின் கதவு மூடியே இருந்தது. மதியம்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வீட்டிலிருந்து எழுதுகிறேன். அவன் பக்கத்தில் தூங்குகிறான். அவரும் தூங்குகிறார், உட்கார்ந்தபடியே, சுவரில் சாய்ந்து.

காலையில் கடைசி எடை. அவர் அறுவடை முடித்து நேராக வந்து கதவுக்கு வெளியே அண்ணியோடு நின்றிருந்தார். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணி. பூஜ்யம். குழந்தை. கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. நான் காத்திருந்தேன். நின்றது. படித்தேன். சிஸ்டர் எழுதினார், அடியில் ஒரு கோடு போட்டார், "கெளம்பு" என்றார்.

வழக்கம்போல மனசு அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கக் கிளம்பியது. ஏழால் போகிறதா, பதினொன்றால் போகிறதா. பதின்மூன்றில் இருக்கும்போது அவன் தும்மினான். தட்டு அதிர்ந்து எண்கள் எல்லாம் கலைந்துபோயின. அவனை எடுத்துத் துடைத்துத் தொப்பி போட்டேன். விட்ட இடம் மறந்துவிட்டது.

அமுலு கதவுவரை வந்தாள். அவளுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. எதிர்க் கட்டில்காரியும் கூடவே வந்தாள்.

"எத்தினி டீச்சர்?"

"எங்க ஏறுது? ஆயிரத்து நூறுலயே நிக்குது."

அமுலு சிரித்த சிரிப்பில் அவள் நைட்டிக்குள் தூங்கிய பெண் விழித்துக்கொண்டு அழுதது.

பஸ்ஸில் அவர் மெதுவாகக் கேட்டார். "எங்கிட்டயாவது சொல்லேன். எவ்ளோ?" அவர் காதில் மட்டும் சொன்னேன்.

இங்கே எழுதப்போவதில்லை. கண் படும்.